நாயைத் தொட்ட டாக்டர்

லாண்ட்ரிக்காரரின் நாய்க்கு நாலு மாதமாக வயிறு சரியில்லை. ஒருநாள் தண்ணீராகப் போகும், மறுநாள் கூழாகப் போகும், அதற்கடுத்த நாள் தேறிவிட்டதுபோல் ஆசை காட்டிவிட்டு மறுபடி தண்ணீருக்கே திரும்பிவிடும். நாயின் பெயர் குண்டன். வந்த புதிதில் அந்தப் பெயருக்கு ஒரு நியாயம் இருந்தது. இப்போது அதன் விலா எலும்பைத் தெருவின் எதிர்ப்பக்கம் நின்றே எண்ணிவிடலாம். புதிதாகத் துணி போட வந்தவர்கள், பாவம், ஒல்லி நாய்க்குக் கிண்டலாக அப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வேறு தொழில் செய்கிறவர் வீட்டில் நாய்க்குப் பேதி என்றால் விஷயம் வீட்டோடு போய்விடும். இவருக்குக் கடையின் முன்பாதியில் கவுன்ட்டரும் இஸ்திரி மேஜையும், பின்பாதியில் வீடு. நடுவே ஒரு திரைச்சீலை. ஓட்டல் படுக்கை விரிப்புகளும் நர்சுகளின் சீருடைகளும் மடித்து அடுக்கிய வெள்ளை மலைக்கும் குண்டனுக்கும் இடையில் அந்தத் திரைச்சீலை ஒன்றுதான் காவல். ஒரு செவ்வாய்க்கிழமை அது போதவில்லை. பன்னிரண்டு விரிப்புகளை மறுபடி துவைக்க வேண்டியதாயிற்று. ஓட்டல்காரர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, இனி இங்கே துணி போடுவதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடலாமே என்று மைத்துனர் யோசனை சொன்னார். லாண்ட்ரிக்காரரின் மனைவி அன்று தன் தம்பிக்குச் சோறு போடவில்லை. கணவரிடம் மட்டும் ஒரே வார்த்தை சொன்னாள்.

“விடறதுன்னா என்னையும் சேர்த்து விட்டுட்டு வாங்க. இல்லேன்னா நல்ல ஆஸ்பத்திரியாப் பாத்துக் கூட்டிட்டுப் போங்க.”

நல்ல ஆஸ்பத்திரி என்று ஊரில் பெயர் வாங்கியது ஒன்றுதான். செல்லப்பிராணிகள் செரிமான நலக் கழகம். ஐந்து மாடி, முகப்பு முழுக்கக் கண்ணாடி, வாசலில் பளிங்கில் செதுக்கிய ஒரு நாய். அந்தக் கட்டடத்தில் பூரண ஆரோக்கியத்தோடு இருந்த நாய் அது ஒன்றுதான் என்பது லாண்ட்ரிக்காரருக்குப் பின்னால்தான் தெரிந்தது. முதல் நாள் அவர் கண்ணில் பட்டதெல்லாம் டாக்டர்களின் கோட்டுகள். இருபத்திரண்டு வருடமாகக் கறை எடுத்துப் பிழைக்கிறவர் அவர். அப்படி ஒரு வெள்ளையை அவர் பார்த்ததில்லை. பேதி பார்க்கிற இடத்தில் ஒரு பொட்டுக் கறை இல்லையே, என்ன சோப்பு போடுகிறார்களோ என்று வியந்தபடியே வரிசையில் நின்றார்.

பதிவு எழுத்தர் முகத்தை நிமிர்த்தாமல் என்ன தொந்தரவு என்று கேட்டார். நாலு மாதமாகப் பேதி என்றார் இவர். நாள்பட்ட பேதிக்குத்தான் இங்கே வைத்தியம் என்றும், நாள்பட்டது என்றால் இருபத்தோரு நாளுக்கு மேல் என்றும் எழுத்தர் விளக்கினார். நாலு மாதம் என்பது இருபத்தோரு நாளைவிட அதிகம்தானே என்று லாண்ட்ரிக்காரர் பணிவாகக் கேட்டார்.

“நாலு மாசம்னு நீங்க வாயால சொல்றீங்க. எங்க நோட்டுல அது இன்னிக்குத்தான் ஆரம்பிக்குது” என்றார் எழுத்தர்.

ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். நேரம், அளவு, பதம், நிறம், வாசனை என்று கட்டம் போட்டிருந்தது. நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கப் பதினோரு வண்ணங்கள் அச்சிட்ட ஒரு அட்டை. பெயின்ட் கடையில் சுவருக்கு நிறம் காட்டுவார்களே, அதே மாதிரி. வாசனைக்கு மூன்று வகை: லேசானது, மிதமானது, குறிப்பிடத்தக்கது. ஒவ்வொரு வரிக்கும் குடும்பத்தைச் சேராத ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

சாட்சிக்குப் பக்கத்துக் கடை மூக்குக்கண்ணாடிக்காரரைப் பிடித்தார். நல்ல மனிதர். காலையில் கடை திறக்கிற நேரத்தில் கூப்பிட்டால் கையில் இருக்கிற டீயைக் கீழே வைத்துவிட்டு வருவார். குனிந்து பார்ப்பார், அட்டையோடு ஒப்பிடுவார், ஐந்தாம் நிறமா ஆறாம் நிறமா என்று இரண்டு கண்ணாடி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுவார். நாலாவது நாளிலிருந்து காலை டீயையே விட்டுவிட்டார்.

பத்தொன்பதாம் நாள் காலை குண்டன் கட்டியாகப் போனது. லாண்ட்ரிக்காரர் மனைவிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை அப்படியே பதிவு செய்து எடுத்துக்கொண்டு போனார்கள். எழுத்தர் அந்த வரியில் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார். தொடர்ச்சி அறுந்துவிட்டது, முதலிலிருந்து ஆரம்பியுங்கள் என்று வேறு நோட்டு கொடுத்தார். மறுநாள் குண்டனுக்கு மறுபடி தண்ணீர்.

அதன் பிறகு அந்த வீட்டில் ஒரு கூத்து நடந்தது. தினமும் காலையில் நாய் பின்காலை மடக்குகிறபோது, கட்டியாக வந்துவிடக் கூடாதே என்று கணவனும் மனைவியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீராகப் போனால் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். இருபத்தோராம் நாளும் தண்ணீரேதான். “அப்பாடா” என்றாள் மனைவி. சொன்ன பிறகுதான் குண்டனின் இடுப்பெலும்பு அவள் கண்ணில் பட்டது.

நோட்டு ஏற்கப்பட்டது. இனி டாக்டரைப் பார்க்கலாம் என்றார்கள். இரண்டாம் மாடியில் இடப்பக்கம் சிறுகுடல் பிரிவு, வலப்பக்கம் பெருங்குடல் பிரிவு. நடுவில் தரையில் ஒரு மஞ்சள் கோடு. லாண்ட்ரிக்காரர் வரிசை எண் வாங்கி முதலில் இடப்பக்கம் போனார். சிறுகுடல் தலைவர் நோட்டைப் புரட்டினார். குண்டன் அவர் ஷூவின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். பார்வையை நோட்டிலிருந்து எடுக்கவில்லை. சளி கலந்து போகிறது, ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை முக்குகிறது, ஆகவே இது பெருங்குடல் சமாச்சாரம் என்று எழுதிக் கொடுத்தார்.

பெருங்குடல் தலைவரும் நோட்டைத்தான் பார்த்தார். உடம்பு இளைத்திருக்கிறது, அளவும் அதிகம், இளைப்பது சிறுகுடலின் வேலை என்று திருப்பி எழுதினார். ரெண்டும் சேர்ந்து இருக்கக் கூடாதா என்று லாண்ட்ரிக்காரர் கேட்டார். இருக்கலாம், ஆனால் அதற்கு இங்கே பிரிவு இல்லை என்று பதில் வந்தது.

அந்த வாரத்தில் ஏழு தடவை அவர் மஞ்சள் கோட்டைத் தாண்டினார். ஏழாவது தடவை குண்டனால் முடியவில்லை. சரியாகக் கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. சிறுகுடல் பிரிவின் துப்புரவாளரும் பெருங்குடல் பிரிவின் துப்புரவாளரும் வாளியோடு வந்து நின்றார்கள். பாதிக்கு மேல் எந்தப் பக்கம் என்று இருவரும் குனிந்து அளந்தார்கள். மேற்பார்வையாளரைக் கூப்பிட ஆள் போனது. லாண்ட்ரிக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, முழங்காலிட்டு, தானே துடைத்தார். அலுவலகப் பணியில் வெளியாள் தலையிட்டதாக அவர் பெயரில் ஒரு குறிப்பு எழுதப்பட்டது.

அப்போது அந்த வழியாக வந்த சிறுகுடல் தலைவர், இவர் முகம் வாடியிருப்பதைப் பார்த்து ஆறுதல் சொன்னார்.

“கவலைப்படாதீங்க. ஆறு வருஷமா எங்க பிரிவுல ஒரு நாய்கூடச் செத்ததில்ல. சாகற மாதிரி இருக்கற எதையும் நாங்க சேர்த்துக்கறதே இல்ல.”

விவகாரம் எல்லைத் தீர்வுக் குழுவுக்குப் போனது. குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும். அதுவரை ஃபைலைக் கீழ்த்தளத்து ஆவண அறையில் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

ஆவண அறையில் ஜன்னல் இல்லை. கூரை வரைக்கும் ஃபைல்கள். அவற்றின் நடுவே ஒரு நாற்காலியில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். அவரும் வெள்ளைக் கோட்டுதான் போட்டிருந்தார். ஆனால் அதன் முழங்கைப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு பழைய கறை, கீழ்மடிப்பில் நாய்முடி. அந்தக் கட்டடத்தில் லாண்ட்ரிக்காரர் பார்த்த முதல் கறை அது. ஏனென்று தெரியாமலே அவருக்கு ஒரு நம்பிக்கை வந்தது.

அந்த அம்மாளுக்குக் கழகத்தில் ‘தொட்ட டாக்டர்’ என்று பெயர். எட்டு மாதத்துக்கு முன்னால் வரவேற்புக் கூடத்தில் வரிசையில் காத்திருந்த ஒரு நாய் சுருண்டு விழுந்தபோது, எந்தப் பிரிவின் பரிந்துரையும் இல்லாமல் குனிந்து அதன் வயிற்றைத் தொட்டுவிட்டார். விசாரணை முடியும் வரை நாய்கள் இல்லாத இடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். யாரும் சாட்சி சொல்ல வராததால் விசாரணை முடியவே இல்லை.

லாண்ட்ரிக்காரர் ஃபைலை நீட்டினார். டாக்டர் அதை வாங்கி மேஜையில் போட்டார். திறக்கவில்லை. எழுந்து வந்து குண்டனின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஈறை விரலால் அழுத்திப் பார்த்தார். தோலைக் கிள்ளி இழுத்துவிட்டுப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் வயிற்றைப் பக்கவாட்டில் மெதுவாக அமுக்கிக்கொண்டே போனார். குண்டன் கண்ணை மூடிக்கொண்டது.

“இது என்னெல்லாம் சாப்பிடுது?” என்றார்.

லாண்ட்ரிக்காரர் இரண்டு மாதமாக இந்தக் கட்டடத்துக்கு வந்து போகிறார். பதினோரு நிறம் கேட்டார்கள், மூன்று வாசனை கேட்டார்கள். இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. சோறும் கோழிக்கறியும்தான், வேறு ஒன்றுமில்லை என்றார்.

“வீட்டுக்குப் போய் எல்லாரையும் தனித்தனியாக் கேளுங்க. சேர்த்து வெச்சுக் கேட்டா ஒருத்தரும் சொல்லமாட்டாங்க.”

கேட்டார். மனைவி முதலில் கோபப்பட்டாள். பிறகு, நாய் இளைத்துப்போகிறதே என்று காலையும் மாலையும் ஒரு டம்ளர் பால் ஊற்றுவதாகச் சொன்னாள். விட்டுவிடலாம் என்று யோசனை சொன்ன மைத்துனர், அந்தக் குற்ற உணர்ச்சியில் தினம் இரண்டு துண்டு வெண்ணெய் தடவிய ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார். சாட்சிக் கையெழுத்துப் போட்ட கண்ணாடிக்காரர், கையெழுத்திட்ட கையாலேயே கிரீம் பிஸ்கட் கொடுத்து வந்திருந்தார். மூக்கைச் சுருக்கிய ஓட்டல்காரர்கூடத் துணி எடுக்க வரும்போதெல்லாம் ஒரு பொட்டலத்தில் எலும்பும் கொழுப்பும் கொண்டுவந்திருக்கிறார். லாண்ட்ரிக்காரர் தன் பங்கை யாரிடமும் சொல்லவில்லை. இஸ்திரி மேஜைக்கடியில் தினமும் மதியம் அவர் தட்டிலிருந்து ஒரு வறுத்த கறித்துண்டு விழுவது வழக்கம்.

மறுநாள் போய்த் தொட்ட டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார், தன் பங்கு உட்பட. டாக்டர் சிரிக்கவில்லை. எடைக்குத் தகுந்த பூச்சி மாத்திரை எழுதினார். பால், ரொட்டி, பிஸ்கட், எலும்பு எல்லாவற்றையும் இன்றோடு நிறுத்தச் சொன்னார். கோழிக்கறியையே நெடுநாள் சாப்பிட்டு அது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கலாம். ஆகவே இதுவரை தின்றே இராத ஏதாவது ஒன்று வேண்டும் என்றார். மீன் தின்றதில்லை என்று தெரிந்தது. முள் நீக்கி வேகவைத்த மீன், வெந்த உருளைக்கிழங்கு, உப்பும் எண்ணெயும் இல்லாமல். ஒரேயடியாக மாற்றாமல் நாலைந்து நாளில் பழைய சாப்பாட்டோடு கலந்து கலந்து மாற்ற வேண்டும். ஒரு நாளுக்கு நாலு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. எட்டு வாரத்துக்கு வேறு எதுவும் வாயில் படக்கூடாது. இரண்டு வாரத்தில் தேறாவிட்டால் இரத்தம் எடுத்துப் பார்க்கலாம். நடுவில் இரத்தமாகப் போனாலோ வாந்தி எடுத்தாலோ உடனே கூட்டி வாருங்கள் என்றார். இதையெல்லாம் காலாவதியான ஒரு சுற்றறிக்கையின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்.

லாண்ட்ரிக்காரர் மனைவி அன்றைக்கே கடையில் ஒரு அட்டை தொங்கவிட்டாள்: குண்டனுக்கு யாராவது எதையாவது போட்டால் அவர் துணி கிழிந்து வரும். ஓட்டல்காரர் அதைப் படித்துவிட்டுப் பொட்டலத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

பத்தாம் நாள் கட்டியாகப் போனது. ஒருநாள் மைத்துனர் மனசு கேட்காமல் ரொட்டி போட்டதில் இரண்டு நாள் பின்வாங்கியது. அவர் அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு தடங்கல் இல்லை. ஆறாவது வாரம் விலா எலும்பு மறைந்தது. எட்டாவது வாரம் குண்டன் தெருமுனை வரை பூனையைத் துரத்தியது.

அந்தச் சமயத்தில் கழகத்திலிருந்து கடிதம் வந்தது. முப்பது நாளாகப் புகார் எதுவும் வராததால் நோயாளி குணமடைந்ததாகக் கொண்டு ஃபைல் மூடப்பட்டது என்றும், ஆண்டு விழாவில் குணமடைந்த நாயாக மேடைக்கு வந்து கௌரவம் பெற வேண்டும் என்றும் எழுதியிருந்தது. குணமாகித்தானே இருக்கிறது என்று லாண்ட்ரிக்காரர் குண்டனைக் குளிப்பாட்டிக் கூட்டிக்கொண்டு போனார்.

விழாவில் இயக்குநர் பேசினார். கனத்த உடம்பு, கனத்த குரல்.

“நாம ஆரம்பிச்சப்போ ரெண்டே டாக்டர், ஒரே மேஜை. ஒரு நாயைக் குணப்படுத்த அஞ்சு நாள் ஆச்சு. இன்னிக்கு அஞ்சு மாடி, நூத்தி நாப்பது பேர். ஒரு நாயைச் சேர்க்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணவே நாலு மாசம் எடுத்துக்கறோம். அந்த அளவுக்கு வளந்திருக்கோம்.”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு குண்டன் கழுத்தில் ஒரு பதக்கத்தை மாட்டினார்கள். மாட்டியவர் நாடாவின் நுனியை மட்டும் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். லாண்ட்ரிக்காரரை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக்கின் முன்னால் நின்று பழக்கமில்லாதவர். நன்றி சொல்லத்தான் நினைத்தார். யாருக்கு என்று யோசித்தபோது ஒரே ஒரு முகம்தான் நினைவுக்கு வந்தது.

“கீழ்த்தளத்துல இருக்கற டாக்டரம்மாதான் இத வயித்துல கைவெச்சுப் பாத்தாங்க. என்ன சாப்பிடுதுன்னு கேட்டாங்க. அவங்களுக்கு நன்றி.”

கூட்டத்தில் ஒருசிலர் கைதட்ட ஆரம்பித்து, மேடையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். சிறுகுடல் தலைவர் பேனாவை எடுத்து உள்ளங்கையில் ஏதோ குறித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் லாண்ட்ரிக்காரருக்குச் சாட்சி சொல்ல வரும்படி ஓலை வந்தது. பத்து மாதமாக நின்றுபோயிருந்த விசாரணைக்கு, வேறொரு நாயைத் தொட்டதற்காவது ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. தான் சொன்ன நன்றி என்னவாக ஆகியிருக்கிறது என்று புரிந்தபோது அவர் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ஒரு சட்டையின் காலரைக் கருக்கிவிட்டார். இருபத்திரண்டு வருடத்தில் அது முதல் தடவை.

விசாரணை அதிகாரி தன்மையாகத்தான் பேசினார். இரண்டு தாள்களை அருகருகே வைத்தார். டாக்டர் நாயைத் தொட்டார் என்றால் இடப்பக்கத் தாளில் கையெழுத்து. அது ஒழுங்கு மீறல், அந்த அம்மாளின் மேல் நடவடிக்கை வரும். தொடவில்லை என்றால் வலப்பக்கத் தாள். அப்படியானால் நாய் கழகத்தின் முறையான சிகிச்சையில்தான் குணமானது என்று ஆகிவிடும், இருவருக்கும் தொல்லையில்லை. மூன்றாவது தாள் கிடையாது.

எதிரே தொட்ட டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லாண்ட்ரிக்காரர் அவரைப் பார்க்காமல் வலப்பக்கத் தாளைத் தன் பக்கம் இழுத்தார். அந்தத் தாளில் எழுதியிருந்த ஒவ்வொரு வார்த்தையும் பொய் என்று அவருக்குத் தெரியும். தொடவே இல்லைங்க, மேடையில் பதற்றத்தில் உளறிவிட்டேன் என்று சொன்னார்.

“தொட்டேன்” என்றார் டாக்டர். “ரெண்டு கையாலயும். அவரை விட்டுடுங்க, பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். காதெல்லாம் செவந்துபோச்சு பாருங்க.”

தீர்ப்பு அன்றே வந்துவிட்டது. அந்தக் கட்டடத்தில் அன்றைய தினமே முடிந்த ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும். தொட்ட டாக்டர் மூன்று வருடத்துக்கு எந்த நாயையும் தொடக் கூடாது என்று தண்டனை. கழகத்தின் மற்ற நூற்று முப்பத்தொன்பது பேரும் தண்டனை எதுவும் இல்லாமலே அதைக் கடைப்பிடித்து வந்தார்கள்.

டாக்டர் உத்தரவைப் படித்தார். பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்திட்டார். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அதன் மேல் வைத்துவிட்டு வெளியே நடந்தார். லாண்ட்ரிக்காரர் பின்னாலேயே ஓடி, தன்னால்தானே இப்படி ஆயிற்று என்று மன்னிப்புக் கேட்டார். நான் என்னவோ படித்தது இதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டு பத்து மாதமாக ஃபைல் அடுக்கிக்கொண்டிருந்தேன், நீங்கள் வந்துதான் எழுப்பிவிட்டீர்கள் என்று அவர் பதில் சொன்னார். அதில் கோபம் இல்லை.

வரவேற்புக் கூடத்தில் நாற்பது நாற்பத்தைந்து பேர் நோட்டும் நாயுமாக உட்கார்ந்திருந்தார்கள். பஸ் கண்டக்டர் ஒருவர் சீருடையோடு, மடியில் ஒரு பழுப்பு நாயைப் போர்வையில் சுற்றி வைத்திருந்தார். போர்வை நனைந்திருந்தது. பதினேழாவது நாள், இன்னும் நாலு நாள் தாங்கிவிட்டால் போதும் என்று அவர் பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் நின்றார். போர்வையை விலக்கி ஈறைப் பார்த்தார். முகம் மாறியது. இதை உடனே வெளியே தூக்கி வாருங்கள், நாலு நாள் தாங்காது, இப்போதே நீர் ஏற்ற வேண்டும் என்றார்.

சாலைக்கு எதிர்ப்பக்கம் சைக்கிள் ரிப்பேர் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் டயர் அடுக்கியிருந்த பெஞ்சை ஒழித்துக் கொடுத்தார். லாண்ட்ரிக்காரர் மருந்துக்கடைக்கு ஓடிப் பாட்டிலும் ஊசியும் வாங்கி வந்தார். பாட்டிலைச் சுவரிலிருந்த ஆணியில் மாட்டிவிட்டு, நாயின் முன்காலைப் பிடித்துக்கொண்டார், டாக்டர் அதில் ஊசி ஏற்றினார். கால் மணி நேரம் கழித்து அது தலையைத் தூக்கிக் கண்டக்டரின் கையை நக்கியது.

கூடத்துக் கண்ணாடி வழியாக எல்லாரும் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். முதலில் ஒருவர் எழுந்தார். பிறகு இரண்டு பேர். அரை மணிக்குள் வரிசை முழுக்கச் சாலையைத் தாண்டிவிட்டது. நோட்டுகள் நாற்காலிகளின் மேலேயே கிடந்தன. பதிவு எழுத்தர், வரிசை கலைந்தால் எண் செல்லாது என்று ஒலிபெருக்கியில் மூன்று தடவை எச்சரித்தார்.

பிற்பகலில் இயக்குநர் கீழே இறங்கி வந்தார். வெறிச்சோடிக் கிடந்த கூடத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். கழகம் தொடங்கியதிலிருந்து இது இவ்வளவு சுத்தமாக இருந்ததே இல்லை என்று மேற்பார்வையாளரின் தோளில் தட்டிப் பாராட்டிவிட்டு, இப்படியே இருக்கும்போது தரைக்கு ஒரு கை மெழுகு போட்டுவிடச் சொன்னார்.